திருப்பத்தில் நின்றவன்

தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்திருந்த ராய்ஸுக்குக் கை கடுத்தது. ஆனாலும் அவன் கை மாற்றவில்லை. எதிர்முனையைப் பிடித்திருந்த கர்டிஸ் இன்னும் மாற்றவில்லை என்பது ஒன்றுதான் காரணம். மூன்றாவது முனை ஜோலீனின் கையில் இருந்தது. நான்காவதை டெல்லின் மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் கட்டியிருந்தார்கள். பாய் விரித்த சின்ன நிழலில், சரளைப் பாதையின் ஓரமாக, டெல் மல்லாந்து கிடந்தான்.

"கால் வெயில்ல இருக்கு. உன் பக்கம் கொஞ்சம் இறக்கு, ராய்ஸ்," என்றான் கர்டிஸ்.

ராய்ஸ் இறக்கினான். என் தம்பி காலில் வெயில் படுவதை இவன் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கர்டிஸ் தன் செயற்கைக்கோள் கருவியில் கூப்பிட்ட ஹெலிகாப்டர் வந்துபோய் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. இறங்கி வந்த பெண் டெல்லின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தாள். மாரடைப்பு போலத்தான் தெரிகிறது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றாள். ஷெரீப் அலுவலகத்து ஆள் வந்து பார்த்து எழுதும்வரை உடலை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த அலுவலகம் தொண்ணூறு மைலுக்கு அந்தப் பக்கம். அவர்களையும் டெல்லின் மனைவி நடீனையும் வழிகாட்டி அழைத்துவர ரமோன் தார் ரோடு வரைக்கும் போயிருந்தான். போன் இங்கே எடுக்காது. நெவாடாவின் இந்த மூலைக்கு அவர்கள் மாதா மாதம் வண்டி ஓட்டிக்கொண்டு வருவதே அதற்காகத்தான்.

கர்டிஸ் பாயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு குந்தினான். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து டெல்லின் புருவத்தில் படிந்திருந்த புழுதியைத் துடைத்தான். பிறகு கண் ஓரத்தை. பிறகு மூக்கின் பக்கவாட்டை.

"தண்ணிய வீணாக்காத," என்றான் ராய்ஸ்.

"இது அவன் தண்ணிதான்."

ஜோலீன் மூக்கை உறிஞ்சினாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். எந்தச் சண்டை எங்கே தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும். "ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா," என்றாள்.

"போன வாரம் முழுக்க இடது பக்கத் தாடை வலிக்குது, பல்லு கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டே இருந்தான்," என்றான் கர்டிஸ். "டாக்டர்கிட்டப் போடான்னேன். பல் டாக்டர்கிட்ட திங்கக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கேன்னான். அது பல்லே இல்ல போலிருக்கு."

ராய்ஸிடம் தாடையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஐம்பத்தேழு வருஷமாக அவன் டெல்லின் அண்ணன். டெல்லின் எட்டு வயதில் அவனுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், பின் இருக்கையைப் பிடித்தபடி மேய்ச்சல் நிலம் முழுக்கக் கூடவே ஓடியவன். கர்டிஸ் ஒரிகனிலிருந்து இங்கே வந்து ஒன்பது வருஷம்தான் ஆகிறது. ஒன்பது வருஷத்தில் ஒருவன் இன்னொருவனுடைய பல்வலி வரைக்கும் போய்விட முடிகிறது.

காலையில் உணவகத்தில் நடந்ததை நினைக்கக் கூடாது என்று ராய்ஸ் இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தாடை என்ற பேச்சு வந்ததும் அது கேட்காமலே வந்து நின்றது.

டெல் அப்பத்தின் மேல் சர்க்கரைப் பாகை ஊற்றிக்கொண்டே சொன்னான். ஒரு பக்கமாகத்தான் மென்றான். அது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

"பெரியவரே, இன்னிக்கு நீ நடுவுல வா. கடைசியா கர்டிஸ் வரட்டும்."

கடைசியாக வருவது என்பது சின்ன விஷயமில்லை. புழுதி அடங்க வேண்டும் என்பதால் ஒருவருக்கொருவர் ஒரு மைல் இடைவெளி விட்டு ஓட்டுவார்கள். முன்னால் போகிறவன் கண்ணுக்கே தெரியமாட்டான். பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும், இரண்டாவதாக வருகிறவன் இறங்கி நின்று பின்னால் வருகிறவர்களுக்கு வழி காட்டுவான். கடைசி ஆள் வந்து சேரும்வரை அவன் அந்தத் திருப்பத்தை விட்டு நகரக் கூடாது. கடைசி ஆள் எல்லாரையும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். யார் விழுந்தாலும், யார் வண்டி நின்றாலும், கண்டுபிடிக்க வேண்டியவன் அவன்தான். பதினொரு வருஷமாக அது ராய்ஸின் இடம்.

"எதுக்கு?" என்று கேட்டான் ராய்ஸ்.

"போன மாசம் ஜோலீன் வண்டிச் சங்கிலி அறுந்து ஓரமா நின்னா. நீ பாக்காமலே தாண்டிப் போயிட்ட."

"புழுதிடா."

"புழுதிதான். யாரு இல்லன்னா? மொதல்ல போய்க் கண்ணைக் காட்டிட்டு வா."

"நான் டான்ஸே ஆடினேன்பா," என்றாள் ஜோலீன். "ரெண்டு கையையும் தூக்கிக் குதிச்சேன். இவன் ஊர்வலத்துல ராஜா போற மாதிரி நேரா பாத்துட்டே போறான்!"

ரமோன் சிரித்தான். டெல் சிரித்தான். கர்டிஸ் மட்டும் சிரிக்கவில்லை. காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "இன்னிக்கு ஒரு நாளைக்குத்தானே, ராய்ஸ்," என்றான். அந்த இரக்கத்தைத்தான் ராய்ஸால் தாங்க முடியவில்லை.

"வண்டி சாவி ஆன்ல இருந்துச்சு," என்றான் கர்டிஸ் இப்போது, பாயின் அந்தப் பக்கத்திலிருந்து. "நான் வந்து பாத்தப்போ. இஞ்சின் ஓடல. தரையில உக்காந்து முன் சக்கரத்துல சாஞ்சிருந்தான். தூங்குறான்னே நெனச்சேன். எதுக்கு சாவியப் போட்டான்னு தெரியல."

"மறந்திருப்பான்," என்றான் ராய்ஸ்.

"டெல்லா? பேட்டரி போயிடும்னு எனக்கு நூறு தடவ பாடம் எடுத்தவன்."

ராய்ஸ் பாயின் முனையைச் சரிசெய்தான். அவனுக்குத் தெரியும் எதற்கு என்று.

காலையில், டெல் வழி காட்டி நின்ற இந்தத் திருப்பத்தை நெருங்கும்போது, தூரத்திலிருந்தே அவன் வண்டியை ராய்ஸ் பார்த்துவிட்டான். பார்த்ததுமே, டெல்லின் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். திருப்பத்தில் நிற்பவனுக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவது வழக்கம். ராய்ஸ் கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்கவே இல்லை. தலையை இடப்பக்கப் பாதைக்கு நேராக வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்காமல் திரும்பினான். கண்ணோரத்தில் டெல்லின் மஞ்சள் சட்டை தாழ்வாகத் தெரிந்தது. சொகுசாக உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தான். தாண்டி ஐம்பது அடி போயிருப்பான். பின்னால் ஹாரன் கேட்டது. சாவி ஆனில் இருந்தால்தான் அது அடிக்கும்.

சின்னதாக ஒன்று அடித்தால் 'பார்த்துட்டேன், போ' என்று அர்த்தம். நீளமாக அடித்தால் 'நில்'. அந்த விதியைப் போட்டதே டெல்தான்.

இப்ப கூப்பிடுறியா, நல்லாக் கூப்பிடு என்று ராய்ஸ் தலைக்கவசத்துக்குள் சொன்னான். சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டினான். அதன் பிறகு பத்து மைல் தள்ளி, காய்ந்துபோன தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ரமோனோடும் ஜோலீனோடும் சேர்ந்து உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்றான். "கர்டிஸ் கடைசி இடத்துக்குப் புதுசு, மெதுவாத்தான் வருவான்," என்றுகூடச் சொன்னான். அரை மணி நேரம் கழித்துத்தான் மூவரும் திரும்பி வந்தார்கள். அப்போது கர்டிஸ் டெல்லின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தான். சட்டை வியர்வையில் முழுக்க நனைந்திருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "நான் செய்யறேன், தள்ளு," என்று ராய்ஸ் அவனைத் தோளைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

கிழக்கே புழுதி எழுந்தது.

முதலில் ரமோனின் வண்டி வந்தது, பின்னால் நடீனின் பிக்கப். ஷெரீப் ஆளுக்குப் போனில் வழி சொல்லிவிட்டேன், இன்னும் இருபது நிமிடத்தில் வந்துவிடுவார் என்றான் ரமோன். நடீன் பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். தலையில் வலைத்தொப்பி இன்னும் இருந்தது. யாரையும் பார்க்காமல் பாயின் நிழலுக்குள் குனிந்து நுழைந்து, சரளையில் உட்கார்ந்தாள். டெல்லின் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"எதையும் மாத்தக் கூடாதுன்னாங்க, நடீன்," என்றான் ரமோன் மெதுவாக.

"கால் வீங்கும் இவனுக்கு," என்றாள். அவிழ்த்து முடித்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை, தளர்த்தி மட்டும் வைத்தாள். பிறகு அவன் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். தார்ப்பாய் காற்றில் படபடத்தது.

"கடைசியா யாரு பாத்தீங்க?" என்று கேட்டாள்.

ஜோலீன்தான் முதலில் பேசினாள். "நான் வரும்போது நின்னுட்டு இருந்தான், கண்ணு. நல்லாத்தான் இருந்தான். கையில காஞ்ச மாட்டிறைச்சித் துண்டு. அதை வச்சுக்கிட்டு டிராபிக் போலீஸ் மாதிரி எனக்கு வழி காட்டினான். ஒரு பக்கம் காட்டி, குனிஞ்சு ஒரு வணக்கம் வேற. நான் தாண்டினதும் கண்ணாடியில பாத்தேன், அந்தத் துண்டையே கடிச்சுத் தின்னுட்டு இருந்தான்."

நடீன் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் வழிந்தது. "வேண்டாம்னு சொன்னா கேப்பானா. உப்பு ஜாஸ்தி."

ராய்ஸ் ஜோலீனைப் பார்த்தான். இனி சாகும்வரை அவளிடம் அந்த மாட்டிறைச்சித் துண்டு இருக்கும். ஒவ்வொரு விருந்திலும் சொல்லுவாள்.

"அப்புறம்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல, நடீன்," என்றான் கர்டிஸ். பாயைப் பிடித்திருந்த கையை முதல் தடவையாகத் தாழ்த்தினான். "நான் வந்தப்போ முடிஞ்சு போச்சு. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒண்ணும் இல்ல."

"ராய்ஸ்?"

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சும்மா கையைக் காட்டினான் என்று சொல்லிவிடலாம். மறுக்க யாருமில்லை. ஜோலீனுக்கும் கர்டிஸுக்கும் நடுவில் அந்த இடத்தில் அவனைத் தவிர ஒருவரும் இல்லை.

"ஹாரன் அடிச்சான்," என்றான்.

"உனக்கா?"

"ம். நான் தாண்டினப்புறம்."

கர்டிஸ் நிமிர்ந்தான். அவன் முகத்தில் வந்ததை ராய்ஸ் உடனே அடையாளம் கண்டுகொண்டான். ஒன்பது வருஷமாகத் தன் முகத்தில் இருந்ததுதான் அது. கடைசிச் சத்தம் அண்ணனுக்குத்தான் கிடைத்திருக்கிறது, நெஞ்சை அமுக்கிய எனக்கு ஒன்றுமில்லை என்று அந்த முகம் சொன்னது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், வெயிலில் குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் இறங்குவது போல ராய்ஸுக்கு இருந்தது.

"எனக்கு அவன் ஹாரன் அடிச்சதே இல்ல," என்றாள் நடீன். "காலையில கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரங்க தூங்குவாங்கன்னு தெருமுனை வரைக்கும் வண்டியத் தள்ளிட்டே போவான். எனக்கு அந்தச் சத்தமே தெரியாது. சின்னதா அடிச்சானா?"

ராய்ஸ் வாயைத் திறந்தான். சின்னதாக என்ற சொல் நாக்கில் தயாராக இருந்தது. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த கர்டிஸின் கண் மெல்ல நகர்ந்து, வண்டியின் சாவித் துளைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இல்ல," என்றான் ராய்ஸ். "நீளமா."

பாயின் ஜோலீன் பக்கத்து முனை தாழ்ந்தது. ரமோன் தன் கையுறையைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டான்.

"நீளமாவா!" என்றாள் நடீன். அவளுக்கு அந்த விதி தெரியாது. முகம் கொஞ்சம் மலர்ந்தது. "உனக்குன்னு நீளமா அடிச்சிருக்கான் பாரு. எவ்வளவு நீளம்? எனக்கு அடிச்சுக் காட்டு, ராய்ஸ். அவன் எவ்வளவு நேரம் அடிச்சானோ அதே மாதிரி."

"நடீன்..." என்றாள் ஜோலீன்.

"நான் கேக்கணும்."

ராய்ஸ் தன் முனையைக் கீழே விட்டான். யாரும் அதைப் பிடிக்கவில்லை. தம்பியின் காலைச் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் போய்ச் சாவியைத் திருப்பினான். சிவப்பு விளக்கு எரிந்தது. இடது கைப்பிடியில் ஹாரன் பொத்தானின் மேல் மட்டும் புழுதி இல்லை, துடைத்தது போல இருந்தது. கட்டைவிரலை அதன் மேல் வைத்து அமுக்கினான்.

சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய் எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. அவன் விரலை எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று அவனுக்குச் சரியாகத் தெரியும். நடீனின் உதட்டிலிருந்த சிரிப்பு முதலில் அப்படியே இருந்தது. பிறகு அவள் அவன் விரலைப் பார்த்தாள். பிறகு டெல்லைப் பார்த்தாள். போதும் என்று சொல்லவில்லை. கர்டிஸ் குந்தியபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராய்ஸ் இன்னும் அமுக்கிக்கொண்டே இருந்தான்.

எதிர்ச் சரிவில் புதர்களுக்கு நடுவே மேய்ந்துகொண்டிருந்த நான்கு காட்டுக்கழுதைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலையைத் தூக்கி, இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தன.