நாவற்குளத்துக் கதியால்கள்

ஐப்பசியின் முதல் மழை ஓய்ந்த காலையில் முருகேசுவின் பின்வேலி எழுந்து, ஒன்றரை முழம் அவருடைய வளவுக்குள் நடந்து வந்து நின்றுகொண்டது. அன்று சுன்னாகம் சந்தையில் சின்ன வெங்காயம் விலை விழுந்திருந்ததால் ஊர் முதலில் அதைப் பற்றித்தான் கதைத்தது. முருகேசு மட்டும் வேலியடியில் நின்று பார்த்தார். கிளுவையும் பூவரசுமாக நட்டு, வேர்விட்டுத் தழைத்த கதியால்கள் அவை. கட்டிய ஓலைகூட அவிழாமல் அப்படியே வந்திருந்தன. பழைய இடத்தில் ஒரு குழி கிடையாது. அவர் இரும்பு அலவாங்கு கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கிளப்பி, பழைய இடத்திலேயே நட்டார். மறுநாள் வேலி இரண்டு முழம் வந்திருந்தது. பிறகு கதிரையைப் போட்டுக் காவல் இருந்தார். பகல் முழுக்க அசையாமல் நின்ற வேலி, அவர் தேத்தண்ணி குடிக்க உள்ளே போய் வருவதற்குள் தன் அலுவலை முடித்துக்கொண்டது.

புத்தூருக்குக் கிழக்கே நாவற்குளத்தைச் சுற்றியிருக்கும் அந்த ஊரில் வேலிக்குக் குளத்தோடு ஒரு பழைய கணக்கு இருந்தது. வருடாவருடம் வேலி அடைக்கும்போது, பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதியதை நடுகிறவர் அதை அரைச் சாண் அப்பால் நடுவது யாழ்ப்பாணத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டிய வித்தை அல்ல. பக்கத்து வளவுக்குள் நட்டால் வாய்ச்சண்டையில் தொடங்கி, வழக்காகிக் கோடு வரை போகும். குளம் கோட்டுக்குப் போகாது. ஆகவே எல்லோருடைய கதியால்களும் குளத்தின் பக்கமே போயின. சண்டைக் காலத்தில் ஊரே இடம்பெயர்ந்து, திரும்பி வந்தபோது ஒரு வேலியும் இருக்கவில்லை. அவரவர் ஞாபகத்தின்படி நட்டார்கள். ஞாபகம் எல்லோருக்கும் தாராளமாகவே இருந்தது. கடைசியில், அல்லியும் நீர்க்காகமும் ஆமையும் வாழ்ந்த குளம் ஒரு பள்ளமாகி, அந்தப் பள்ளத்துக்குள் உடைந்த ஓடும் பொலித்தீனும் வந்து சேர்ந்தன.

குளத்தடியில் குடியிருந்த உதயகலாவுக்கு வேலியைப் பற்றிக் கவலையில்லை. அவளுடைய கவலை கிணறு. இரண்டு மாரியாக அது உவராகிக்கொண்டு வந்தது. பால் விட்டால் தேத்தண்ணி திரைந்தது. தோட்டத்தில் வெங்காயத் தாள்களின் நுனி தீய்ந்தது. குளத்தில் தேங்கும் மழைதான் நிலத்தடிக் கல்லுக்குள் இறங்கி, கடல் உவரைத் தள்ளி வைக்கிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் குப்பை கொட்டினார்கள். அவளுடைய கணவன் கோகுலன் ஓட்டோ ஓடுகிறவன், அவன் பட்டணத்துப் பக்கம் ஒரு வாடகை வீடு பார்த்துவிட்டான். இந்த மாரியோடும் கிணறு திருந்தாவிட்டால் தோட்டத்தை விற்றுவிட்டுப் போவதென்று முடிவு செய்தார்கள். முடிவு செய்தவன் கோகுலன். அவள் எதிர்த்துக் கதைக்கவில்லை, அவ்வளவுதான். விற்கப் போகிற தோட்டத்தில் தீய்ந்த தாள்களை மட்டும் விடாமல் கிள்ளிக்கொண்டு இருந்தாள்.

கார்த்திகை பிறப்பதற்குள் குளத்தைச் சுற்றியிருந்த அத்தனை வேலிகளும் நடந்துவிட்டன. சனங்கள் அவற்றை மரங்களோடு கட்டிப் பார்த்தார்கள், திருநீறு போட்டுப் பார்த்தார்கள். முறைப்பாட்டின் பேரில் வந்த உத்தியோகத்தர் ஒருவர், நடக்கும் வேலிகள் பற்றித் தங்களுக்குச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை என்று சொல்லி, இளநீர் குடித்துவிட்டுப் போனார். உதயகலா மட்டும் ஒரு நாள் வேலிகளின் வெளிப்புறமாக, குளத்துப் பக்கத்தாலேயே நடந்து பார்த்தாள். வளைந்து வளைந்து போனவள் புறப்பட்ட இடத்துக்குக் கிட்டவே வந்து சேர்ந்தாள். அன்று பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூட்டம் நடந்தபோது எழுந்து நின்றாள்.

"வேலி போய் நிக்கிற இடம்தான் குளத்தின்ரை கரை. அதோடை மல்லுக்கட்டி என்ன காணப் போறியள்? அது தன்ரை பங்கைச் செய்து போட்டுது. ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடை வாங்கோ, நாங்கள் எங்கடை பங்கைச் செய்வம்."

முதல் ஞாயிறு வந்தவர்கள் கொஞ்சப் பேர். முருகேசு கதிரையோடு வந்து, பார்த்துக்கொண்டு இருந்தார். ஆனால் குப்பை அள்ளி வெளித்த இடத்தில் வேலி இன்னும் ஓரடி விலகி வழிவிட்டதைக் கண்டதும், தன் வீட்டு வேலிக்கு முன்னால் மற்றவர்கள் வேர்வை சிந்துவது அவருக்கு வெட்கமாகப் போயிற்று. அடுத்த ஞாயிறு கதிரை வரவில்லை. சிரமதானம் என்று தொடங்கியது மெல்ல மெல்லப் பிடிவாதமாக மாறியது. மழைக்கால இருட்டிலும், கை கொப்புளித்தும், உழவு இயந்திரம் சேற்றில் புதைந்தபோது அதை நாற்பது பேர் சேர்ந்து இழுத்தும் தோண்டினார்கள். அடிச்சேற்றுக்குள் இருந்து ஒரு பாலாமை எழுந்து, நித்திரை கலைந்தவர் மாதிரி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டது.

எல்லாம் கூடி வந்த இடத்தில்தான் ஒரு மதில் நின்றது. உதயகலாவின் வளவுக்கு அடுத்தது அவளுடைய அண்ணன் கேதீஸ்வரனின் காணி. அவன் இருப்பது கனடாவில். அவன் அனுப்பிய காசில் அவள்தான் முன்னின்று, கல்லுக் கல்லாகப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டு, அந்த மதிலைக் கட்டுவித்தாள். அது குளத்துக்குள் பத்தடி இறங்கி, மழைவெள்ளத்தைக் குளத்துக்குக் கொண்டுவரும் வாய்க்காலைக் குறுக்கே மறித்துக்கொண்டு நின்றது. சீமெந்துக்கு வேர் இல்லை, அதனால் நடக்கவும் தெரியவில்லை. மதில் கட்டியபோது பிடுங்கிக் குளத்துக்குள் எறிந்த பழைய கதியால்கள் எறிந்த இடத்திலேயே தளிர்த்திருந்தன. இப்போது அவை ஒவ்வொன்றாக வந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் போல மதிலடியில் வரிசையாக நின்றன. முன்னால் நின்றது அடி கோணிய ஒரு பூவரசு. இடம்பெயர்ந்து திரும்பிய வருடம் பதினைந்து வயதுக் கேதீஸ்வரன் தன் கையால் நட்டது அது.

"பிள்ளை, எங்கடை வேலியெல்லாம் விலகிப் போட்டுது," என்றார் முருகேசு. "இனி உன்ரை கொண்ணற்றை மதில்தான்." அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. அதனால் அது கூடுதலாகக் குத்தியது.

உதயகலா கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். வாய்க்காலைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் சொல்லி முடிக்கும்வரை அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நானே பாத்துக் கட்டினனான்? நீதானே நிண்டு கட்டுவிச்சனி."

"ஓம் அண்ணை. கட்டுவிச்சதும் நான்தான். இடிக்கக் கேக்கிறதும் நான்தான்."

"ரெண்டு வேலை செய்து அனுப்பின காசு, உதயா. அங்கை எனக்கெண்டு நிக்கிறது உந்த மதில் ஒண்டுதான். அதிலை கை வைச்சியெண்டால் இனி என்னோடை கதையாதை."

அவளுக்கு ஒரே அண்ணன். தாயும் தகப்பனும் போன பிறகு, நல்லது கெட்டதுக்கு அவன் குரல்தான். இரண்டு நாள் சமைத்தாள், கூட்டினாள், அழுதாள். மூன்றாம் நாள் வடக்கே கடற்பக்கம் வானம் கறுத்தது. அந்த மழையும் வீதியால் ஓடிக் கடலுக்குள் விழுந்தால் அடுத்த மாரிக்கு அவள் இந்த ஊரில் இல்லை. அலவாங்கை எடுத்துக்கொண்டு போய், மதில் வாய்க்காலை மறித்த இடத்தில் முதல் குத்தைக் குத்தினாள். ஊர் சற்றுத் தள்ளி நின்றது. அவளுடைய அண்ணனின் மதில். அவள் குத்தாமல் வேறொருவர் கை வைக்க முடியாது. நாலாவது கல் பெயர்ந்தபோது பட்டணத்தில் வீடு பார்த்து வைத்திருந்த கோகுலன் வந்து, அலவாங்கை அவள் கையிலிருந்து வாங்கினான். அதற்குப் பிறகு எல்லோரும் வந்தார்கள்.

ஓர் ஆள் போகுமளவு வழி திறந்ததும் கதியால்கள் தள்ளுமுள்ளு இல்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய், கேதீஸ்வரனின் காணிக்குள் வளைவாக நின்றுகொண்டன. வட்டம் பூட்டியது. ஓர் ஆள் அகலத்துக்கு மட்டும் இடைவெளி. அடி கோணிய பூவரசைக் காணவில்லை. தேட நேரம் இருக்கவில்லை, மழை பிடித்துவிட்டது. வாய்க்கால் இரைந்துகொண்டு வந்து குளத்துக்குள் விழுந்தது. முருகேசு நனைந்தபடி நின்று அதைப் பார்த்தார், சளி பிடித்து ஒரு கிழமை படுத்தார். தைப்பொங்கலன்று உதயகலா தன் கிணற்றுத் தண்ணீரில் வைத்த தேத்தண்ணிக்குப் பால் விட்டாள். அது திரையவில்லை. கோகுலன் இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்துவிட்டு, பட்டணத்து வீட்டுக்காரரிடம் வரவில்லை என்று சொல்லப் போனான்.

அண்ணன் மட்டும் கதைக்கவில்லை. அவள் எடுத்தபோதெல்லாம் மணி அடித்து நின்றது. மாசியில் ஒரு காலை அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. முழங்கால் உயரப் பனி மூடிய பின்வளவு. நடுவில், கிளையெல்லாம் இலையும் இரண்டு மஞ்சள் பூவுமாக, அடி கோணிய ஒரு பூவரசு. பின்னாலேயே தொலைபேசியும் வந்தது.

"உது நான் நட்டதெல்லே?"

"ஓம் அண்ணை."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் அழுதாள்.

"பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் தன்ரை எல்லைக்குள்ளை ஓரடி வந்து நிக்குதெண்டு சொல்லுறான்," என்றான் கடைசியில். "என்ன செய்ய?"

"விடுங்கோ. பிழையெண்டால் அதுவே தள்ளி நிக்கும்."

அடுத்த வருடம் வேலி அடைக்கும் காலம் வந்தபோது ஊரார் கதியால்கள் நின்ற இடத்தில் அவற்றை நிற்கவிட்டு, ஓலையை மட்டும் மாற்றிக் கட்டினார்கள். பூவரசு நின்றிருக்க வேண்டிய இடைவெளியை யாரும் அடைக்கவில்லை. மாடுகள் அதன் வழியாகத்தான் குளத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகின்றன.