நேர் அட்டி

ஷிஜு காகிதத்தைத் தரையில் விரித்து, சுருண்டுகொள்ளாமலிருக்க மூலைகளில் டீ கிளாசுகளை வைத்தான். மூட்டைகளின் படம். நாலு தூண்களாகப் பத்துப் பத்து மூட்டைகள், ஒன்றின் தலையில் ஒன்று, செங்குத்தாக. சாலைக் கடைத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாக மூட்டை சுமக்கிறவன் நான்.

"இது நேர் அட்டியாக்கும். இப்பிடி அடுக்கினா சரியாவாது" என்றேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் நடந்தது இது. இத்தாலிக்காரர்களின் கலைச் சந்தை என்று பாளையத்துப் பக்கம் ஒரு மண்டபத்தை மூன்றாகத் தடுத்திருந்தார்கள். முதல் அறையில் தாத்தா தலைமுறை வரைந்த குதிரைகள், மேசைமேல் குப்பிகள். குப்பிகள் எனக்குப் பிடித்திருந்தன. துடைத்து வைத்த அடுக்களை மாதிரி அமைதியாக இருந்தன. நடு அறையில் அடுத்த தலைமுறை: கரி, இரும்புத் தகடு, சாக்கு. கடைசி அறையில் பிள்ளைகள் தலைமுறை, வெறும் டெலிவிஷன் பெட்டிகள். நடு அறைக்கு இந்த அட்டியை யோசித்த மனுஷர் இறந்து ஆறு வருஷமாம். எந்த ஊரில் வைத்தாலும் அந்த ஊர்த் தானியத்தை அந்த ஊர்ச் சுமட்டுக்காரர்களே அடுக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதனால்தான் நாற்பது அரிசி மூட்டைகளோடு நானும் என் கூட்டாளி யூசுபும் வந்தோம். அவருடைய மகளும் வந்திருந்தாள். நரை விழுந்த ஒல்லி மனுஷி. கடைசி அறையில் ஓடிய பெட்டிகளில் ஒன்று அவளுடையது.

யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள அட்டியின் பக்கத்தில் ஒரு ஆள் பகல் முழுக்க உட்கார வேண்டும் என்று சந்தையின் ஏற்பாடுகளைக் கவனிக்கிற ஷிஜு கேட்டிருந்தான். என் தம்பி பெண்டாட்டி பொன்செல்வியைச் சேர்த்துவிட்டது நான்தான். பார்க்க வருகிறவர்களைத் தடுக்கக் கயிறு கட்டியிருந்தார்கள். அவளுடைய பிளாஸ்டிக் நாற்காலி கயிற்றுக்கு உள்ளே கிடந்தது.

தம்பி தாணு நாலு வருஷத்துக்கு முன் சாலை அரிசிக் கிட்டங்கியில் அட்டி சரிந்து செத்தான். அடி மூட்டையை எலி கடித்து அரிசி ஒழுகிவிட்டது, அதில்தான் சரிந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். முதலில் சொன்னவன் நான். அன்றிலிருந்து பொன்செல்விக்கு எலி என்றால் ஆகாது. ஒற்றை அறை வீட்டில் மூன்று எலிப்பொறி, ஒவ்வொன்றிலும் சுட்ட தேங்காய்ச் சில்லு. விழுந்த எலியை அவள் அடிக்கும்போது அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஒருநாளும் தெம்பு இருந்ததில்லை.

ஷிஜு அந்த இத்தாலிக்கார மனுஷியிடம் இங்கிலீஷில் பேசிவிட்டு வந்தான்.

"கோலப்பண்ணே, அச்சன் எழுதி வெச்சதை மாத்த அவங்களுக்கே அதிகாரம் இல்லியாம். ஒண்ணை ஒண்ணு பிடிக்காம, தன் பாரத்திலயே நிக்கணும். அதாக்கும் கலை."

"ஒரு வரி நெடுக்க, அடுத்த வரி குறுக்க. மூட்டை மூட்டையைக் கடிச்சுப் பிடிக்கணும். இல்லேன்னா ஒரு ஆள் இடிச்சா மதி, மொத்தமும் வந்துரும்."

"அஞ்சு நாளுதானே அண்ணே?"

அந்த 'தானே' என்னை என்னவோ செய்துவிட்டது.

"அன்னைக்கு கிட்டங்கியில நானும் அப்பிடித்தாண்டே நெனச்சேன். நாளைக்கு லாரி வந்து எடுக்கதுதானே, குறுக்கு வரி எதுக்குன்னு. அரை மணிக்கூர் மிச்சம்னு. தாணு அதுக்க கீழ போய் இருந்து சோறு திம்பான்னு எனக்குத் தெரியுமா..."

யூசுப் என் தோளைத் தொட்டான். திரும்பினேன். பொன்செல்வி துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்போ எலி?" என்றாள்.

"எலி இல்ல செல்வி."

இத்தாலிக்காரி என்னவோ கேட்டாள். ஷிஜு குனிந்து டீ கிளாசுகளை எடுக்க ஆரம்பித்தான்.

பொன்செல்வி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, மூட்டைக்காகத் தரையில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டை ஒட்டிப் போட்டாள். உட்கார்ந்து முந்தானையைச் சொருகிக்கொண்டாள்.

"வையுங்க அத்தான். படத்தில உள்ள மாதிரியே வையுங்க."

"எந்திரி செல்வி. நான் வைக்க மாட்டேன்."

"அவரு அதுக்க கீழ இருந்தாரில்லியா? வையுங்க."

மாட்டேன் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? வைத்தேன். யூசுப் தூக்கிவிட, ஒவ்வொன்றாக, ஓசை வராமல் இறக்கினேன். மூன்றாவது வரி அவள் முழங்காலைத் தாண்டியது. ஐந்தாவது தோளுக்கு வந்தது. ஷிஜு இரண்டு தடவை அவளை எழுந்திருக்கச் சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏழாவது வரிக்கு முக்காலியில் ஏறினேன். மூட்டை என் தலையில் இருந்தது. அட்டி அவள் உச்சந்தலைக்கு மேலே நின்றது. இறக்க வேண்டிய இடம் என் மார்புக்கு நேரே. கொஞ்சம் திருப்பிக் குறுக்காகப் போட்டால் போதும், ஒரு நொடி வேலை. சாக்கின் தையல் வழியாக நாலைந்து அரிசி அவள் மடியில் உதிர்ந்தது. அவள் தட்டிவிடவில்லை. அண்ணாந்து என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.