அம்மாவுக்குத் தொண்டை வலி

"உனக்குத் தொண்ட வலி. வாயே தொறக்காத. மத்தத நான் பாத்துக்கறேன்."

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே காரை நிறுத்திவிட்டு கோகிலன் மூன்றாவது முறையாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். பின்சீட்டில் எங்கள் மகள் துளசி, நேற்று இஸ்திரி போட்ட சட்டை கசங்கக்கூடாதென்று முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. அடுத்த வருடம் முதலாம் ஆண்டு வகுப்பு. ஈப்போவில் இந்தச் சீனப் பள்ளியில் இடம் கிடைக்க ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். வீட்டில் சீனம் பேசுகிற பிள்ளைகளை எடுத்த பிறகுதான் மற்றவர்களைப் பார்ப்பார்களாம். அதைக் கேட்ட அன்றே என் கணவருக்கு இந்த யோசனை வந்துவிட்டது.

"நீ பொய் சொல்ல வேணாம்லா. சும்மா பக்கத்துல உக்காரு. ஒன் மூஞ்சப் பாத்து அவங்களே நெனச்சிக்குவாங்க."

என் முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறப்பால் சீனத்தி. பெயர் கலாதேவி, அப்பா பெயர் மாயாண்டி, அம்மா செல்லாயி, இருவரும் பத்து காஜா ஊர்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்காக மரம் வெட்டியவர்கள். தோட்டத்தை ஒட்டிச் சீனர்கள் குடியிருந்த கம்பத்தில், எண்பத்தாறாம் வருடம், ஒரு வீட்டில் ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தேன். அது புலி வருடம். புலி வருடத்துப் பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர்களுக்கு ஒரு பயம். ஒன்பதாம் நாள் ஒரு சிவப்புத் துணியில் சுற்றி, பிள்ளையில்லாத செல்லாயி கையில் கொடுத்துவிட்டார்கள். செல்லாயி எனக்குக் காது குத்தினாள், கன்னத்தில் மை வைத்தாள், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தாள். பேச்சுப் போட்டியில் நான் மாவட்டத்தில் முதல் பரிசு வாங்கியபோது நடுவர்கள் என் பெயரை இரண்டு தடவை கேட்டுச் சரிபார்த்தார்கள்.

இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு சேலைக் கடையில் வேலை செய்கிறேன். வருகிறவர்கள் முதலில் என்னிடம் மலாயில் விலை கேட்பார்கள். நான் தமிழில் பதில் சொன்னதும், "அக்கா, என்னமா தமிழ் பேசறீங்க" என்று வாயைப் பிளப்பார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது, இந்தப் பாராட்டைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மார்க்கெட்டில் நேர் எதிர். மீன்காரன் சீனத்தில் ஏதோ கேட்பான், நான் தெரியாது என்று கையை ஆட்டுவேன், அவன் முகம் சுருங்கிப் போகும்.

நான் துளசியைத் தமிழ்ப்பள்ளியில் போட வேண்டும் என்றேன். என் பழைய பள்ளிதான். ரப்பர் போய்த் தோட்டம் எண்ணெய்ச் செம்பனையாகிப் போனபின் பள்ளியைப் பட்டணத்தோரமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அங்கே இருமொழித் திட்டம்கூட வந்துவிட்டது, கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில். முதலாம் ஆண்டில் பதினொரு பிள்ளைகள்தான் என்று அங்கே இருக்கும் ரோசரி டீச்சர் இரண்டு தடவை ஃபோன் செய்துவிட்டார்.

கோகிலன் கேட்கவில்லை. அவர் ஏர்கோன் குளிர்சாதனம் பொருத்துகிறவர். தவுக்கே என்று அவர் சொல்லும் முதலாளி சீனர், கூட வேலை செய்கிறவர்களும் சீனர்கள். "பன்னெண்டு வருஷமா தவுக்கே சிரிச்சா நானும் சிரிக்கிறேன், எதுக்குன்னு தெரியாம. என் புள்ளைக்கும் அதே கதியா?" என்றார். துளசிக்கோ சீனம் நன்றாக வரும். வீட்டுக்குப் பக்கத்துப் பாலர்பள்ளி மாலை ஆறுவரை பார்த்துக்கொள்ளும் என்பதற்காக அங்கே சேர்த்தோம். அது சீனப் பாலர்பள்ளி. இரண்டே வருடத்தில் டீச்சர் சொல்லிக்கொடுத்த சீனமும் அங்கே இருக்கும் ஆயாவின் கடைத்தெருச் சீனமும் அவள் நாக்கில் ஏறிவிட்டன.

உண்மையைச் சொன்னால் எனக்குப் பயம். என்னை வேண்டாம் என்று சொன்னது அந்தப் பாஷையில்தான். என்ன வார்த்தைகள் சொல்லி என்னைக் கொடுத்துவிட்டார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. நாளைக்கு என் மகள் அந்தப் பாஷைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் நான் வெளியே நிற்க வேண்டும்.

சின்ன வயதில் அப்படி வெளியே நின்றிருக்கிறேன். செல்லாயி மரம் வெட்டி முடித்து, மாலையில் சீனக் கம்பத்துக் காய்கறித் தோட்டத்தில் களை எடுக்கப் போவாள். என்னையும் சைக்கிளின் பின்னால் வைத்துக்கொள்வாள். கம்பத்து வாசல்களில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்னைப் பார்த்து ஏதோ சொல்வார்கள். செல்லாயிக்கு அந்தப் பாஷை அரைகுறையாய்ப் புரியும். "என்னம்மா சொல்றாங்க?" என்று அவள் முதுகைத் தட்டிக் கேட்பேன். "ஒண்ணும் இல்ல, வா" என்பாள். சைக்கிளில் உட்கார்ந்திருக்கிறவளிடம் என்ன 'வா' என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பெடலை வேகமாக மிதிப்பாள். சாகும்வரை அதை அவள் எனக்குச் சொல்லவில்லை.

காரைவிட்டு இறங்கிப் பள்ளிக்குள் போனோம். நேர்காணல் அறையில் இருந்த ஆசிரியைக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். மிஸ் லியோங் என்று மேசைமேல் பெயர்ப்பலகை. துளசியிடம் சீனத்தில் பெயர் கேட்டார், எண்ணச் சொன்னார், ஒரு படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார். துளசி நாற்காலி நுனியில் உட்கார்ந்து கடகடவென்று சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் என் மகள் நன்றாகச் சொல்கிறாள் என்று புரிந்தது. பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு ஆசிரியை என் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். நான் பயிற்சி செய்தபடி தொண்டையைத் தொட்டுக் காட்டிச் சிரித்தேன். கோகிலன் மலாயில், தொண்டை வலி, இரண்டு நாளாகக் குரலே இல்லை என்றார். ஆசிரியை உடனே தன்னுடைய பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் வெந்நீர் ஊற்றி என் முன்னால் வைத்தார். குடி என்று கையால் காட்டினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கண்டிப்பாகப் பேசியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். மூடியை இரண்டு கையாலும் பிடித்து அந்த வெந்நீரை மிச்சமில்லாமல் குடித்தேன்.

அவர் விண்ணப்பப் பாரத்தை இழுத்து, வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் தாமாகவே சீனம் என்ற கட்டத்தில் ஒரு குறி போட்டார். மேசைக்கு அடியில் கோகிலனின் முழங்கால் என் முழங்காலை இடித்தது. வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அப்போது ஆசிரியை என்னைப் பார்த்து இன்னும் ஒன்று கேட்டார். மெதுவாக, அன்பாக. பேச வேண்டாம், ஆம் என்றோ இல்லை என்றோ தலையாட்டினால் போதும் என்பதைத் தம் தலையை ஆட்டியே காட்டினார். எப்படி ஆட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோகிலனைப் பார்த்தேன். அவர் தவுக்கேயிடம் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆசிரியை காத்திருந்தார்.

"ம்மா" என்று துளசி என் பக்கம் சாய்ந்தாள். தமிழில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "ஒன்னோட அம்மா உயிரோட இருக்காங்களான்னு கேக்கறாங்க. அவங்க பள்ளிக்கூடம் விட்டதும் என்னையப் பாத்துக்குவாங்களான்னு."

இப்போது கேள்வி புரிந்துவிட்டது. ஆனாலும் தலையை எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியவில்லை. ஒருத்தி செத்துப்போனாள். இன்னொருத்தி எங்கே இருக்கிறாள், இருக்கிறாளா என்பதே தெரியாது.

"கலா, டியாம்" என்று மலாயில் என் வாயை அடக்கினார் கோகிலன், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் மலாயில் சொன்னேன். என்னை வளர்த்த அம்மா இறந்துவிட்டார், அவர் தமிழர். பெற்றவர் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சீனம் ஒரு வார்த்தையும் வராது. எங்கள் வீட்டில் தமிழ்தான். தொண்டை வலி இல்லை, மன்னித்துவிடுங்கள்.

ஆசிரியை துளசியின் பிறப்புச் சான்றிதழை எடுத்து, தாய் என்ற இடத்தில் இருந்த என் பெயரை விரலால் தொட்டு மெல்ல வாசித்தார். கலாதேவி, மாயாண்டியின் மகள். முதலிலேயே அதைப் பார்த்திருக்கலாம். என் முகத்தைப் பார்த்ததில் காகிதத்தைப் பார்க்க மறந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். என்ன வருடம் பிறந்தாய் என்று மலாயில் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பிறகு இழுப்பறையிலிருந்து வெள்ளை மை எடுத்து அந்தக் குறியை அழித்தார். காயும்வரை ஊதினார். பாரத்தை என் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்தார். நான் தமிழ் என்ற கட்டத்தில் குறி போட்டேன். பிள்ளை நன்றாகப் பேசுகிறாள், பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் முடிந்ததும் கடிதம் வரும், இடம் உண்டு என்று இப்போது சொல்ல முடியாது என்றார். பிளாஸ்க் மூடியை நான் கைக்குட்டையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

வெளியே வந்ததும் கோகிலன் என்னைப் பார்க்கவேயில்லை. "புள்ள வாழ்க்கைய ஒரு நிமிசத்துல கெடுத்துட்ட" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை எடுக்க முன்னால் போய்விட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. கடிதம் வராமல் போனால் துளசிக்கு நான் என்ன சொல்லப் போகிறேன், வந்தால் ரோசரி டீச்சருக்கு என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்தபடி நடைபாதையில் நடந்தேன்.

அடுத்து உள்ளே போக வேண்டியவர்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். இரண்டு பெண்கள், இரண்டு பிள்ளைகள். எங்களைப் பார்த்தார்கள். என் முகத்தை, அப்புறம் அப்பாவைப் போலக் கறுத்த துளசியின் முகத்தை, மறுபடி என் முகத்தை. ஒருத்தி மற்றவளிடம் சீனத்தில் ஏதோ சொன்னாள். மற்றவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

துளசியின் விரல்கள் என் கைக்குள் இறுகின.

"என்னம்மா சொல்றாங்க?" என்று குனிந்து கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல, வா" என்றாள்.

என் கையை இழுத்துக்கொண்டு எனக்கு ஓரடி முன்னால் போனாள். கேட் வரைக்கும் வெயில் கொளுத்தியது. அவள் திரும்பிப் பார்க்காமல் வேகவேகமாக நடந்தாள். கசங்காமல் காப்பாற்றி வைத்திருந்த சட்டை முதுகில் வியர்த்து ஒட்டியிருந்தது.