கோழி முட்டையிட்ட ஜீப்

மேட்டுப் பண்ணைகளுக்குப் போகும் மண் சாலையில் கால்நடை டாக்டரின் ஸ்கூட்டர் பாதி தூரத்துக்கு மேல் ஏறாது. மீதி மூன்று கிலோமீட்டரும் நடைதான். அந்த மழைக்காலத்தில், கன்று போட முடியாமல் தவித்த ஒரு பசுவுக்காக, மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேற்றில் ஓட்டமும் நடையுமாக அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பண்ணைக்காரர் திட்டவில்லை. "டாக்டருக்குக் குடிக்கத் தண்ணி குடு, நடந்தே வந்திருக்காங்க" என்று மனைவியிடம் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த வாரம் மர மில் முதலாளியின் நாய்க்கு ஊசி போடப் போனவள், மில்லின் பின்புறம் அந்த ஜீப்பைப் பார்த்தாள். நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. பதினோரு வருஷமாக அசையவில்லையாம். ஸ்டீயரிங்கைச் சுற்றி ஒரு கொடி ஏறியிருந்தது. பின் சீட்டில் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இத நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள்.

"தாராளமா எடுத்துக்கோங்க. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் மட்டும் பொறுங்க" என்றார் முதலாளி.

குஞ்சு பொரித்தது. ஜீப்பை லாரியில் கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். கணக்கு வாத்தியாரான அவள் கணவன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "துருவை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்?" என்று கேட்டான். பேச்சு அவ்வளவுதான். ஆனால் மறுநாள் காலையில் அவனே பள்ளிக்கூடம் போகிற வழியில் மெக்கானிக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

மெக்கானிக்கை எல்லோரும் 'பொறுமை' என்றுதான் கூப்பிடுவார்கள். யார் எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்பார். வந்தவர் இன்ஜினுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார், சக்கரத்தைத் தட்டினார், தரையில் படுத்து அடியில் பார்த்தார். எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டே, "எலும்பு நல்லா இருக்கு. சதைதான் போயிருச்சு. ரெண்டு மாசம்" என்றார்.

சதையில் ஒரு பாதியை டாக்டரின் நாத்தனார் ஏற்றுக்கொண்டாள். கணவனின் அக்கா. முப்பது வருஷம் தையல் கடை வைத்திருந்தவள். கடை இருந்த கட்டடத்தை இடித்ததும் தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள். வந்த நாளிலிருந்து வீட்டில் இருப்பதே தெரியாமல் இருந்தாள். எல்லோரும் எழுவதற்கு முன்பே தன் துணியைத் துவைத்து உலர்த்திவிடுவாள். "இன்னொரு தோசை வைக்கட்டுமா?" என்றால், பசித்தாலும் "போதும்" என்பாள். கிழிந்த சீட்டைப் பார்த்ததும்தான் முதல்முறையாகத் தானாகப் பேசினாள்.

"இத வெளிய குடுக்காத. நான் தச்சுடறேன்."

"கை வலிக்குமே அண்ணி, கெட்டித் துணி."

"கை வலிக்கட்டும். சும்மா உக்காந்தா மனசுல்ல வலிக்குது."

சீட்டு தைத்தாள். மேற்கூரைக்குக் கான்வாஸ் தைத்தாள். அதோடு நிற்கவில்லை. பொறுமை கழற்றிப் போட்ட சின்னச் சின்ன சாமான்களை எல்லாம் எடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடியில் காயப் போட்டாள். கதவுக் கைப்பிடி, கண்ணாடிச் சட்டம், பெட்ரோல் டேங்க் மூடி, ஒன்றையும் விடவில்லை. துணி காய்கிற கொடியில் ஜீப் காய்கிறது என்று தம்பி கிண்டல் செய்தான்.

ரெண்டாவது மாதக் கடைசியில் இன்ஜின் உறுமியது. தெருவே வந்து பார்த்தது. டாக்டர் முதல் ஓட்டத்துக்குக் கிளம்பினாள். நாலாவது கிலோமீட்டரில் வண்டி இருமி, இழுத்து, நின்றது. அரை மணி நேரம் கழித்து எதுவும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. அடுத்த நாலாவது கிலோமீட்டரில் மறுபடி நின்றது.

பொறுமை பெட்ரோல் பம்பை மாற்றினார். கார்புரேட்டரை மூன்று தடவை கழற்றிச் சுத்தம் செய்தார். குழாய்களைப் புதிதாகப் போட்டார். மூன்று வாரம் ஓடியது, வண்டி ஓடவில்லை. ஒருநாள் ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிட்டார். "பொறுமையே பொறுமை இழந்துட்டாரு" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். டாக்டரும் மனசுக்குள் கை கழுவ ஆரம்பித்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று மூவரும் கிளம்பினார்கள். டாக்டர் ஓட்டினாள், பொறுமை பக்கத்தில், நாத்தனார் பின்னால். வழக்கமான இடத்தில் வழக்கம்போல வண்டி நின்றது. பொறுமை இன்ஜின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டார். வண்டியின் பக்கவாட்டில் சேறு தெறித்திருந்தது. தான் பார்த்துப் பார்த்துப் பெயிண்ட் அடித்த டேங்க் மூடியில் அழுக்கா என்று இறங்கிப் போய்த் துணியால் அழுத்தித் துடைத்தாள் நாத்தனார். மூடி கொஞ்சம் திரும்பியது. 'உஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது.

பொறுமை நிமிர்ந்தார். "என்ன சத்தம் அது? டாக்டரம்மா, ஸ்டார்ட் பண்ணுங்க!"

உடனே பற்றிக்கொண்டது.

அவர் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "இதுல குண்டூசி முனையளவு ஒரு ஓட்ட இருக்கணும். பெட்ரோல் குறையக் குறைய அது வழியாத்தான் காத்து உள்ள போவும். காத்து போவலேன்னா பெட்ரோல் வராது. மீட்டரு பாதின்னு காட்டுச்சு, நான் டேங்கைத் திறந்தே பாக்கல. ஓட்ட அடைஞ்சிருக்கு..." என்றவர் பச்சை நிறத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"நான்தான் அடிச்சேன். ரெண்டு கோட்டு" என்றாள் நாத்தனார்.

டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பொறுமையும் சிரித்தபடி ஊசியால் ஓட்டையைக் குத்தித் திறந்தார். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அரைமணி நேரத்தில், கட்டில்மேல் பையை வைத்துப் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க அண்ணி?"

"சித்தி பொண்ணு வீட்டுக்கு. வந்த எடத்துல ஒத்தாசைதான் பண்ணல, உபத்திரவமாவது பண்ணாம இருக்கலாமில்ல."

டாக்டர் கட்டிலில் உட்கார்ந்தாள். "உபத்திரவம்தான். இல்லேன்னு சொல்லல. மூணு வாரம் போச்சு, எரிச்சல் எரிச்சலா வந்துச்சு. ஆனா அந்த சீட்டுல உக்காந்தா முதுகு வலிக்கல அண்ணி. நாளைக்குக் காலைல மேட்டுப் பண்ணைல ஒரு பசு கன்னு போடுது. எனக்குக் கூடமாட ஒரு ஆள் வேணும். வருவீங்களா, மாட்டீங்களா?"

"மாடுன்னா எனக்கு பயம்டி."

"மாட்டுக்கும் உங்களப் பாத்தா பயமாத்தான் இருக்கும்."

மறுநாள் ஆறரை மணிக்குக் கிளம்பினார்கள். ஸ்கூட்டர் நின்றுபோகும் இடத்தில் டாக்டர் நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் கம்பியை இழுத்துப் போட்டாள். சேற்றைக் கிழித்துக்கொண்டு ஜீப் பண்ணை வாசல்வரை ஏறியது. கன்றின் ஒரு கால் உள்ளே மடங்கியிருந்தது. டாக்டர் கையை விட்டுக் காலை நேராக்கினாள். நாத்தனார் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, சொன்னபோது கயிற்றை இழுத்தாள், சொன்னபோது விட்டாள். கண்ணைத் திறந்தபோது ஈரமும் வைக்கோலுமாக ஒரு கிடாரிக் கன்று தும்மிக்கொண்டிருந்தது. அவள் சேலை முழுக்க நாசம். அதைக் கவனிக்காமல், "மூக்கப் பாரேன், மூக்கப் பாரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அன்று பண்ணையில் போட்ட இட்லியில் எட்டு சாப்பிட்டாள்.

அதன்பிறகு தினமும் ஜீப் கிளம்பியது. மழையோ வெயிலோ, முதல் திருகலிலேயே பற்றிக்கொண்டது. பயணத்துக்கு ரெண்டு பேர். ஒருநாள் நாத்தனார் பொறுமையிடம் போய், தனக்கு ஓட்டக் கற்றுத் தரவேண்டும் என்று கேட்டாள். "இந்த வயசுலயா?" என்று கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பொறுமையா கத்துக்கணும்" என்று மட்டும் சொன்னார். கேட்டில் ஒருமுறை இடித்தாள். தெருமுனையில் திரும்பும்போது பதினேழு தடவை இன்ஜினை அணையவிட்டாள். பதினெட்டாவது தடவை வண்டியைத் திருப்பிவிட்டாள்.

லைசென்ஸ் வந்த மாதம், மேட்டுப் பண்ணையில் முப்பது மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு மாலையில் இறங்கி வந்தார்கள். நாத்தனார்தான் ஓட்டினாள். ரெண்டாவது கியரிலேயே, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து, ஒரு அவசரமும் இல்லாமல். பக்கத்து சீட்டில் டாக்டர் வாயைத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.