செவலைக் கிடாரியில் மதியச் சாப்பாடு

1934-ஆம் வருடம் மார்ச் மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம், இங்கிலாந்து எங்கள் ஊர் விடுதியின் சாப்பாட்டு அறைக்குள் நான்கடி முன்னேறி வந்தது. படை வரவில்லை, கொடி வரவில்லை. ஜன்னலோர மேஜையில் வேல்ஸ் நாட்டில் உட்கார்ந்து சூப் குடிக்கத் தொடங்கிய பொத்தான் வியாபாரி கிரம்ப், கிண்ணத்தை வழித்து வைக்கும்போது இங்கிலாந்தில் இருந்தார். அந்த வாரம் ஆட்டுக்கறி விலையும் ஏறியிருந்தது. இரண்டு செய்தியும் ஒன்றாகத்தான் ஊருக்குள் பரவின. ஆட்டுக்கறியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

விடுதியின் பெயர் செவலைக் கிடாரி. முன்னூறு வருடத்துக்கு மேல் பழசு. ஓக் உத்தரங்கள் தாழ்ந்து, மாடிப்படிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். நிமிர்ந்து நடக்கும் வழக்கமுள்ளவர்கள் நெற்றியில் புடைப்போடுதான் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வருவார்கள். கட்டினவன் என்ன நினைத்துக் கட்டினானோ, வாசல் வேல்ஸிலும் அடுக்களை இங்கிலாந்திலுமாக, எல்லைக்கோட்டின் மேலேயே கட்டித் தொலைத்துவிட்டான். மதில்மேல் பூனையாவது ஒருநாள் ஏதாவது ஒரு பக்கம் குதிக்கும், இது அதுவுமில்லை. 1881-இல் வேல்ஸுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை மதுவிலக்குச் சட்டம் வந்தபோது இந்த வீடு என்ன செய்யப்போகிறது என்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வீடு சட்டத்துக்குக் கீழ்ப்படிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பீர்க் கோப்பையை இங்கிலாந்துப் பக்கமிருந்து வேல்ஸ் பக்கம் எடுத்துப் போனால், எல்லையைத் தாண்டுகிற இடத்தில் கோப்பை காலியாகிவிடும். சிந்தாது, ஆவியாகாது. இருக்கும், அப்புறம் இருக்காது. திங்கட்கிழமை விடிந்தால் எல்லாம் பழையபடி. ஐம்பத்துமூன்று வருடம் அந்த எல்லை சாப்பாட்டு அறையின் நடுவில் கல்தரைமேல் அசையாமல் கிடந்தது. அந்தப் பக்கம் பீர், இந்தப் பக்கம் தேநீர் என்று நாங்களும் பழகிப்போனோம்.

அந்த மார்ச்சுக்குப் பிறகு அது ஓரிடத்தில் நிற்கவில்லை. எல்லையோரத்து ஆற்றில் வெள்ளம் வந்து கரை மாறியதுதான் காரணம் என்றார்கள் சிலர். எல்லைக்கும் வயதானால் புத்தி பிசகும் என்றார்கள் சிலர். எனக்கு இன்றுவரை தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒரு வாரம் மாடிப்படியில் ஏறி நிற்கும், மறுவாரம் அடுக்களைக்குப் பின்வாங்கும், அதற்கடுத்த வாரம் மேஜைகளுக்கு நடுவே கோணல்மாணலாகப் போகும். ஆகவே விடுதிக்காரி நெஸ்டா பெடோஸ் ஒவ்வொரு ஞாயிறு காலையும் ஒரு வேலை வைத்துக்கொண்டாள். புழக்கடையில் கரி போட்டுவைக்கிற கொட்டகை எப்போதும் இங்கிலாந்தில்தான் இருந்தது. அங்கே ஒரு சின்னப் பீப்பாய் வைத்து, அவித்த முட்டை வைக்கும் கிண்ணத்தில் பீர் பிடித்து, முழங்காலில் தவழ்ந்து வீட்டுக்குள் வருவாள். கிண்ணம் காலியாகிற இடத்தில் தரைக்கல் இடுக்கில் நீலக் கம்பளி நூலை வைத்து ஆணியடிப்பாள். நூலைப் பார்த்து விருந்தினர்கள் உட்காருவார்கள். அதிலும் குழப்பம்தான். ஒருமுறை நூல் கிரம்ப்பின் நாற்காலிக்கு நட்டநடுவே போய்விட்டது. மனிதர் வாயின் இடது ஓரத்தால் மூன்று கோப்பை குடித்தார். போதை இடது பக்கத்துக்கு மட்டும் ஏறி, வலது கால் நேராக நடக்க, இடது கால் தள்ளாடி, வாசலைத் தேடி அறையை நான்கு தடவை சுற்றிவந்தார். இங்கிலாந்துக் காவலர் டட்ஜ் பாடு இன்னும் மோசம். தன் அதிகாரம் செல்லுகிற பக்கத்தில் தொப்பியைப் போட்டுக்கொள்ள வேண்டும், செல்லாத பக்கத்தில் கழற்ற வேண்டும் என்று நினைக்கிற மனசாட்சிக்காரர் அவர். கழிவறைக்குப் போகிற நடைவழியில் நூல் வளைந்து வளைந்து போன வாரம் அவர் தொப்பியைப் போட்டுக் கழற்றிப் போட்டுக் கழற்றி, போன காரியத்தையே மறந்து திரும்பி வந்தார். நில அளவைக்காரர்கள் இரண்டு பேர் வந்து மூன்று நாள் தங்கினார்கள். மூன்று நாளும் மூன்று கணக்கு வந்தது. ஆப்பிள் பை நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊருக்கெல்லாம் இது வேடிக்கை. நெஸ்டாவுக்கு வேடிக்கை இல்லை. அவள் அப்பா எலியாஸ் பிரீஸ், விடுதிக்கு எதிரே சாலையைத் தாண்டி இருக்கிற கிறிஸ்தவ சபையின் மூப்பர். மனைவி போனபின் ஒற்றை மகளைத் தானே வளர்த்தவர். மகள் போயும் போயும் ஒரு இங்கிலாந்துக்காரனை, அதிலும் பீர் இறைக்கிறவனைக் கட்டிக்கொண்டாள். 1926-இல் கல்யாணம் நடந்த அன்று மூப்பர் சபை வாசலில் நின்று, ஊர் கேட்க, வேதத்தின் மேல் கை வைத்து, ஞாயிற்றுக்கிழமை மது ஊற்றுகிற வீட்டுக்குள் காலடி எடுத்து வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். மகளை அவர் விலக்கவில்லை. வியாழக்கிழமை அவள் போனால் வெண்ணெய் வாங்கிக்கொள்வார், மழையைப் பற்றிப் பேசுவார். ஆனால் அவள் மேஜையில் ஒருவேளை சாப்பிட்டதில்லை. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சனிக்கிழமையே ஆட்டுக்கறியை அவித்து வைத்து, ஞாயிறு ஆராதனை முடிந்து தனியாகப் போய், ஆறி விறைத்த கறியைத் தின்பார். அடுக்களை ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் போவது தெரியும். முன்பின் தெரியாத நாற்பது பேருக்குச் சுடச்சுடப் பரிமாறிக்கொண்டே அதைப் பார்ப்பாள் நெஸ்டா. பெற்ற அப்பனுக்கு ஒரு சுட்ட உருளைக்கிழங்கு போட முடியாத கை என்ன கை என்று தன் கையையே திட்டிக்கொள்வாள்.

புருஷன் எட்வினிடம் கேட்டுப் பார்த்தாள். "ஒரே ஒரு ஞாயிறு பீர் பம்பைப் பூட்டி வையேன், எட்வின்."

"பூட்டறதா? ஷ்ரூஸ்பரி டவுன்லேருந்து இத்தனை பேரு மெனக்கெட்டு வர்றது உன் உருளைக்கிழங்குக்குன்னு நெனச்சியா?" என்றார் எட்வின். ஆனாலும் கல்நெஞ்சக்காரர் இல்லை. கல்யாணமான எட்டாம் வருடம் அவள் அழுததைப் பார்த்துச் சரி என்றார். அவள் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னாள்.

மூப்பர் அசையவில்லை. "அவனா பூட்டினா அது நாடகம்டி. திங்கக்கெழமை தொறப்பான், அடுத்த ஞாயிறும் தொறப்பான். சட்டம் பூட்டணும். அப்பச் சொல்லு, வரேன்."

எல்லை நடமாடத் தொடங்கியது அதே வருடம்தான். அதனால்தான் முட்டைக் கிண்ணத்தோடு தவழ்வதை நெஸ்டா வேலைக்காரியிடம் விடவில்லை. நூல் அடுக்களைப் பக்கம் ஓரடி பின்வாங்கினால் அவளுக்குச் சந்தோஷம், எட்வினுக்கு வயிற்றெரிச்சல். வாசல் பக்கம் ஓரடி முன்னேறினால் அவர் சீட்டியடிப்பார், அவள் பாத்திரங்களை ஓங்கி வைப்பாள். ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள், ஞாயிறு காலையில் மட்டும் இரண்டு நாடாக இருந்தார்கள். மூன்றரை வருடம் இப்படிப் போயிற்று.

1937 அக்டோபர் பத்தாம் தேதி காலை, கரிக்கொட்டகையில் பீர் பிடித்துக்கொண்டு புறப்பட்ட நெஸ்டா, அடுக்களைப் பின்வாசல்படியில் கிண்ணம் காலியாகி நின்றாள். நேற்றைய எச்சில் கிண்ணமோ என்று கழுவி மறுபடி பிடித்தாள். அதே படியில் காலி. ஐந்து தடவை. பம்பை இழுத்துப் பார்த்தாள், கொட்டாவி விடுகிற சத்தம் மட்டும் வந்தது. நிலவறைப் பீப்பாய்களைத் தட்டினாள், எல்லாம் வெறும் மரமாய் ஒலித்தன. வீடு முழுக்க, கூரையிலிருந்து நிலவறை வரை, வேல்ஸ். எட்வின் பம்புக் கைப்பிடியை இழுத்தபடியே விட்டுவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அன்றைக்கென்று முப்பத்தெட்டு பேர் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஆராதனை முடியும்போது நெஸ்டா சமையல் மேலங்கியோடு சபை வாசலில் நின்றாள். மாவுக் கையைத் துடைக்கக்கூட மறந்திருந்தாள்.

"அப்பா, வீடு பூராவும் வேல்ஸ். ஒரு சொட்டு கெடையாது. சட்டம்தான் பூட்டியிருக்கு."

"எத்தனை தடவை பாத்தே?"

"அஞ்சு."

"கரிக்கொட்டகை?"

"அது வீடில்லைப்பா. கரிக்கு யாராவது சோறு போடுவாங்களா?"

 ஓய்வுநாளில் சமைக்கக்கூடாது என்றுதான் இருக்கிறது, பிறர் சமைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று வேதத்தில் எங்கும் இல்லை என்பது அப்போதுதான் மூப்பருக்கு ஞாபகம் வந்தது. சாலையைக் கடந்தார். பின்னால் சபை முழுக்க நின்று பார்த்தது. வாசல் மிதியடியில் பூட்ஸை மூன்று தடவை துடைத்தார். மூக்கை உள்ளே நீட்டி மோந்தார். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். பதினோரு வருடம் கழித்து வருகிற மனிதர், உத்தரத்தில் நெற்றியை இடித்துக்கொண்டு, அதைத் தடவிக்கொண்டே நடந்து, மகள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெல்ஷ் மொழியில் அவர் சொன்ன ஜெபம் கிரேவி ஆடை கட்டும் வரை நீண்டது. ஆட்டுத்தொடை, புதினாச் சாறு, முட்டைக்கோஸ், கொழுப்பில் மொறுமொறுவென்று சுட்ட உருளைக்கிழங்கு. தேநீரை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருந்த ஷ்ரூஸ்பரிக்காரர்கள்கூட அந்தக் கிழவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முதல் துண்டை மென்று விழுங்கி, மகளை நிமிர்ந்து பார்த்து, "உங்கம்மா கை" என்றார். நெஸ்டா அடுக்களைக்குள் போய், நின்றபடியே அழுது முடித்துத் திரும்பி வந்தாள்.

அப்போதுதான் பம்பு செருமியது. இழுத்தபடியே கிடந்த கைப்பிடியிலிருந்து பீர், முதலில் சொட்டாக, அப்புறம் தாரையாக, யாரும் தொடாமல் தொட்டிக்குள் கொட்டத் தொடங்கியது. அறையில் கரண்டிச் சத்தம் நின்றது. கவுன்ட்டருக்குப் பக்கத்து மேஜையில் காவலர் டட்ஜ், பாவம், நாற்காலிக்கு அடியில் வைத்திருந்த தொப்பியை எடுத்து மெதுவாகப் போட்டுக்கொண்டார். எட்வின் பாய்ந்து பம்பை இரண்டு கையாலும் பொத்தினார். வாழ்நாளில் அவர் பீரைத் தடுக்கப் பார்த்தது அன்று ஒருமுறைதான். விரல் சந்தெல்லாம் வழிந்தது. இங்கிலாந்து மேஜை மேஜையாக நடந்து, மூப்பரின் நாற்காலியையும் தாண்டி, வாசல் வரை போய்விட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.  ஒருவர், மழை வரும் போலிருக்கிறது என்றார்.

மூப்பர் கத்தியையும் முள்கரண்டியையும் கீழே வைத்தார். சாலையின் அந்தப் பக்கம் சபையார் கழுத்தை நீட்டி நின்றார்கள். நெஸ்டா உருளைக்கிழங்குத் தட்டோடு நின்றவள் நின்றபடியே, "போயிடாதப்பா" என்றாள். அத்தனை பேருக்கு முன்னால் அப்படி வாய்விட்டுக் கெஞ்சுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அறையில் பாதிப்பேர் தங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மா இரு, யோசிக்கிறேன்" என்றார் அவர். யோசித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. பிறகு நீதிபதி தீர்ப்பு வாசிக்கிற குரலில், எட்வினைப் பார்த்துச் சொன்னார்: "பெடோஸ், நல்லாக் கேட்டுக்கோ. காலடி எடுத்து வைக்க மாட்டேன்னுதான் நான் சத்தியம் பண்ணேன். நான் வெச்சது வேல்ஸ்ல. அதுல குத்தமில்லை. உள்ள உக்காந்திருக்கிறதைப் பத்தி நான் ஒண்ணும் சத்தியம் பண்ணலை. ஆனா எந்திரிச்சு வெளிய போனேன்னா, திரும்பி வரணும்னா மறுபடி காலடி எடுத்து வைக்கணும். அது ஆகாது."

"அதுக்கு?" என்றார் எட்வின், கையில் பீர் வழிய.

"அதுக்கு, போகலைங்கறேன். ரூம் இருக்கா?"

ஐந்தாம் அறை இருந்தது. சபையார் வந்து சாலையில் நின்று வாதாடினார்கள். மூப்பர் ஜன்னலில் நின்று பதில் சொன்னார்.  ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கும் ஆராதனை கேட்கட்டும் என்று சபை தன் ஜன்னல்களைத் திறந்து வைத்தது, அவர் தன் ஜன்னலைத் திறந்து வைத்தார், ஜனவரியிலும் அப்படித்தான். சபையார் குளிரில் நடுங்கிக்கொண்டே பாடினார்கள். அவர் வீட்டு மாடுகளைப் பக்கத்துப் பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டார். எட்வின் சனிக்கிழமைதோறும் மாமனாருக்குச் சவரம் செய்துவிட்டார். தன்னை அத்தனை வருடம் சபித்தவரின் தொண்டையில் கத்தி வைக்கிறது தனக்கு நிம்மதியாக இருக்கிறது என்று அவரிடமே சொன்னார், கிழவரும் அது நியாயம்தான் என்றார். எல்லை தன்பாட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தது. அதற்கப்புறமும் பல ஞாயிறுகளில் வீடு முழுக்க வேல்ஸாயிற்று, பல ஞாயிறுகளில் முழுக்க இங்கிலாந்தாயிற்று. நெஸ்டா நூல் அடிப்பதை வேலைக்காரியிடம் விட்டுவிட்டாள்.

யுத்தம் வந்து போயிற்று, இறைச்சிக்கு ரேஷன் வந்து போயிற்று. விடுதிக்குப் புதிதாக வருகிறவர்கள், ஜன்னலோர மேஜையில் கறுப்புக் கோட்டோடு ஆற அமரச் சாப்பிடுகிற கிழவரைப் பார்த்து, எத்தனை நாள் தங்குவதாக உத்தேசம் என்று மரியாதைக்குக் கேட்பார்கள். "தங்கறதா? நான் தங்க வரலை. மகள் சாப்பிடக் கூப்பிட்டா, வந்தேன். சாப்பாடு முடிஞ்சதும் கெளம்பிடுவேன்" என்பார். அந்தச் சாப்பாடு பத்தொன்பது வருடம் நடந்தது. அவர் தட்டு காலியாகப் போகிற நேரம் பார்த்து நெஸ்டா இன்னொரு உருளைக்கிழங்கை வைத்துவிடுவாள்.