மூன்றாம் உலையின் கதவு

உலகம் சூடாவதை மூன்றாம் உலையை இடித்தாவது நிறுத்திவிட முடிவெடுத்திருப்பதாக எஃகு உருட்டாலையின் பொதுமேலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். பூமியின் சார்பில் தொழிலாளர்களுக்கு நன்றியும் சொன்னார். வாசலில் அவருடைய கார், உள்ளே ஆளில்லாமல், குளிர்சாதனம் ஓட உறுமிக்கொண்டிருந்தது.

உலை மேஸ்திரி கைவேலையைப் போட்டுவிட்டு மூன்றாம் உலைப்பக்கம் ஓடினார். இரும்புக் கட்டிகளைச் செக்கச்செவேலென்று காய்ச்சி உருளைகளுக்கு அனுப்பும் அந்த உலையை அவர் ‘மூத்தவள்’ என்றுதான் கூப்பிடுவார். பெண் பிள்ளை இல்லாத குறை அவருக்கு அப்படித் தீர்ந்தது. டன்னுக்கு இத்தனை எரிவாயு குடிக்கிறாள், இத்தனை கரிப்புகையைக் கக்குகிறாள், வேலை மட்டும் ஆமை வேகம் என்று மூத்தவள் மேல் குற்றச்சாட்டு. ஒரு வாரம் அளந்து பார்த்து, இடிப்பதா வைப்பதா என்று எழுதித்தர வேண்டியவள் ஆலையின் எரிசக்தி அதிகாரி. மேஸ்திரியின் மருமகளும் அவளே.

நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, அந்த வாரம் முழுக்க மாமனாரை உலைப்பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிரசவ அறைக்கு வெளியே தவிக்கும் அப்பனைப் போல அவர் கேன்டீனில் உட்கார்ந்து டீயாகக் குடித்துத் தீர்த்தார்.

வாரக் கடைசியில் மருமகள் வந்து எதிரே உட்கார்ந்தாள். எரிவாயு ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, உருட்டிய எஃகோ கூடியிருக்கிறது என்றாள். மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

“அப்ப மூத்தவ மேல தப்பில்லைன்னு சொல்லு.”

“அவ மேல இல்ல மாமா. இந்த வாரம் நீங்க அங்க இல்ல, அதான்.”

காய்ந்துவிட்டதா என்று அவர் கதவைத் தூக்கித் தூக்கி எட்டிப் பார்ப்பதில் சூடெல்லாம் வெளியே போகிறதாம். போனதை ஈடுகட்ட மூத்தவள் இன்னும் குடிக்க வேண்டியிருக்கிறதாம்.

“பாக்காம எப்படிம்மா இருக்கிறது?”

“சோத்துப் பானைய இப்படித் தெறந்து தெறந்து பாத்துத்தானே அத்தை உங்கள அடுப்படிய விட்டே தொரத்துனாங்க?”

மருமகள் குரலைத் தாழ்த்தினாள். காரணத்தை எழுதாவிட்டால், ஏதோ அதிர்ஷ்டம் என்று சொல்லி உலையை இடித்துவிடுவார்கள். எழுதினால் பழி மாமா தலையில். இரண்டு நாளாகக் கை வரவில்லை என்றாள்.

மேஸ்திரி ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

“எம்பேரையே எழுதும்மா. எழுத்து பெரிசாவே இருக்கட்டும்.”

அப்படியே எழுதிக் கொடுத்தாள். மூன்றாம் உலை தப்பியது.

மேஸ்திரியைக் கிடங்குக்கு மாற்றினார்கள்.