கடைவாய்ப்பல்

இரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு சுமித்திரா கிளினிக் வாங்கில் இருந்தாள். அந்த வாங்கில் எல்லோரும் சுவரைப் பார்த்தபடிதான் இருப்பார்கள். பக்கத்தில் இருப்பது கூடப்பிறந்த தம்பியாக இருந்தாலும் அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது.

எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு வேறு பாலியல் நோய் ஏதும் தொற்றியிருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள். அதற்காக மாங்குளத்தில் முதல் பஸ் ஏறி வந்திருந்தாள். புருசன் நோயைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி நாலு வருசம். அவள் ஒருநாளும் குளிசையைத் தவறவிட்டதில்லை. என்றாலும் கேள்வி மட்டும் மாறுவதில்லை.

"புதுசா ஆரோடையும் தொடர்பு இருந்ததே, பிள்ளை?" என்று கேட்டார் தாதி விமலேஸ்வரி மிஸ்ஸி.

"இல்லை மிஸ்ஸி. வேலை, வீடு, மகள். வேறை எங்கை நேரம்?"

"எல்லாரிட்டையும் கேக்கிறதுதான். குறை நினையாதையும்."

பரிசோதனைக்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. மருந்தும் சும்மாதான். அந்த விசயத்தில் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும்.

"வேலையிடத்திலை குடுக்க ஒரு துண்டு வேணும் மிஸ்ஸி."

மிஸ்ஸி அவள் வந்துபோனதற்கு அத்தாட்சி எழுதிச் சீல் குத்தினார். பாலியல் நோய் சிகிச்சைப் பிரிவு என்று ஊதா மையில் மூன்று மொழியிலும் தெளிவாக விழுந்தது.

"வேறை சீல் இல்லையோ?"

"என்னட்டை இது ஒண்டுதான் பிள்ளை."

சுமித்திரா துண்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பினாள்.

கார்மென்ட்ஸில் அவளுடைய லைனுக்குச் சுப்பவைசர் யோகநாதன். நேற்று லீவு கேட்டபோது அவன் சொல்லிவிட்டான். "போனமுறை காய்ச்சல் எண்டனீர், துண்டில்லை. அதுக்கு முதல் வயித்துவலி எண்டனீர், அதுக்கும் இல்லை. இந்தமுறையும் வெறுங்கையோடை வந்தா, வேலைக்கு வரத் தேவையில்லை." அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொலைத்தாள்: "பல்லுக்கொதி சேர். பல்லுக் கழட்டப் போறன்."

பல் வைத்தியப் பிரிவு அதே ஆஸ்பத்திரி வளவுக்குள்தான். கடைவாய்ப்பல் ஒன்றில் சூத்தை இருப்பது அவளுக்குத் தெரியும். அங்கே வாங்கில் இருந்தவர்கள் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "உமக்கு எந்தப் பக்கம்?" என்று ஒரு மனுசி அவளிடமும் கேட்டாள். மறைக்கத் தேவையில்லாத ஒரு வருத்தம் தனக்கும் இருப்பது அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

இளம் டொக்டர் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"சின்னச் சூத்தைதான். அடைச்சா இன்னும் இருபது வருசம் நிக்கும். வாற மாதம் திகதி தாறன்."

"இல்லை டொக்டர், கழட்டுங்கோ."

"நல்ல வேர் அம்மா."

"கொதி தாங்கேலாமல் கிடக்கு. கழட்டிப்போட்டு ஒரு துண்டு தாங்கோ."

பல் இலேசில் வரவில்லை. அது ஏன் வரப்போகிறது? விறைப்பு ஊசி போட்டும் அவளுக்குக் கண்ணீர் ஓடியது. நோகுதோ என்று டொக்டர் கேட்டபோது இல்லை என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலை யோகநாதன் துண்டை இரண்டுதரம் வாசித்தான். பிறகு, "வாயைத் திறவும்" என்றான். லைனில் இருந்த பிள்ளைகள் எல்லாம் பார்க்க அவள் திறந்தாள். அவன் குனிந்து ஓட்டையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தான்.

"இப்பிடி ஒழுங்காத் துண்டு கொண்டுவந்தா ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே."

சுமித்திரா மெசினில் போய் இருந்து கொலர் தைக்கத் தொடங்கினாள். அடுத்த பரிசோதனை மார்கழியில். கை துணியைத் தள்ளிக்கொண்டிருக்க, நாக்கு மற்றப் பக்கத்துப் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் போனது, இன்னொரு சூத்தை இருக்கிறதா என்று.